அடிப்படைத் தொகுப்பில் பதினான்கு ஆடுகள்

எனக்கு ஆடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது என் அனுபவம்.

ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. ஓட்டு வீடு உண்டு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரியான மனைவி உண்டு. ஆடு மட்டும் இல்லை. என் அப்பா காலத்திலும் இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் ஆட்டு எரு கிடக்கிறது என்பது உண்மைதான். அது பக்கத்தில் குடியிருக்கும் ஆட்டுக்கார அக்காவிடம் வாங்கியது. அவரிடம் இருபத்திரண்டு ஆடுகள் உண்டு. நிஜமான ஆடுகள்.

நாற்றங்காலில் என் மிளகாய் நாற்றுக்கு முப்பத்தெட்டு நாள் வயதாகியிருந்தது. நாற்பத்தைந்து நாளுக்குள் பிடுங்கி வயலில் நட்டுவிட வேண்டும். தாண்டினால் தண்டு கட்டையாகி, நாற்றங்காலிலேயே பூ விட்டுவிடும். அதற்குப் பிறகு நட்டால், கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி விறைப்பாக நிற்குமே தவிர காய்க்காது. ஆக எனக்கு ஏழு நாள் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் வயலுக்கு மதகைத் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி.

இந்த வருடம் அதற்கு ஒரு புது விதி வந்திருந்தது. பண்ணைத் திட்டம் இல்லாத வயலுக்குத் தண்ணீர் கிடையாது. திட்டத்தை மென்பொருள்தான் போட வேண்டும். மென்பொருளை விற்பது வேளாண்மை ஆலோசனை நிலையம்.

அந்த நிலையம் முப்பது வருடமாக ஆலோசனையைச் சும்மா சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் அலுவலர் இருப்பார். பூச்சி விழுந்த இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது அசுவினி, இது இலைப்பேன், சோப்புக் கரைசல் அடி, போ என்பார். போன வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நிலையம் இனிமேல் தன் காலில் நிற்க வேண்டும். அதுவரை யார் காலில் நின்றது என்று உத்தரவில் இல்லை. ஆலோசனையை விற்க வேண்டும், அதோடு மென்பொருளையும் விற்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வாங்க முடியாது. மென்பொருளை வாங்கினால் அது புரிவதற்கு ஆலோசனை தேவை. ஆலோசனையை வாங்கினால் அதை ஏற்றி வைக்க மென்பொருள் தேவை.

நான் போனபோது அதே அலுவலர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். மேசையில் ‘வாடிக்கையாளர் உறவு மேலாளர்’ என்று பலகை. பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒரு மிளகாய் இலையை எடுத்து நீட்டினேன். அவர் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இலையைக் காட்டாதீங்க. பாத்துட்டா அது ஆலோசனை ஆயிடும்.”

இலையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்று தொகுப்புகள் இருப்பதாகச் சொன்னார்: அடிப்படை, வெள்ளி, தங்கம். ஒன்றரை ஏக்கர்காரனுக்கு அடிப்படைதான். அதில் ஒரு திட்டமும், ஆலோசகர் மூன்று முறை நேரில் வருவதும், ஒரு தொப்பியும் அடக்கம். என் நிலத்தின் எண், அளவு, பயிர் எல்லாவற்றையும் கேட்டுத் தட்டினார். பதினொரு பக்கம் வண்ணத்தில் அச்சாகி வந்தது.

முதல் பக்கத்தில் என் பெயரும் நிலமும் சரியாக இருந்தன. இரண்டாம் பக்கத்தில், மிளகாய் ஒரு ஏக்கர். மூன்றாம் பக்கத்தில், ஆடுகள் பதினான்கு. நான்காம் பக்கத்தில், ஆடுகளுக்குத் தீவனம் அரை ஏக்கர்.

எனக்கு ஆடு இல்லையே என்றேன். திட்டத்தில் இருக்கிறதே என்றார். நான் இன்னொரு முறை சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த மென்பொருளை முதன்முதலில் செய்தது இயக்குநருடைய மாமனார் பண்ணைக்காகவாம். அவரிடம் பதினான்கு ஆடுகள் இருந்தன. இப்போது போடுகிற ஒவ்வொரு திட்டமும் அந்த முதல் திட்டத்தின் நகல். ஆரம்பத்தில் மாமனாருடைய கிணறு, நாய், இரண்டு மாட்டு வண்டி எல்லாமே எல்லோருக்கும் வந்துகொண்டிருந்தனவாம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆட்டுக்கு வருவதற்குள் விற்பனை தொடங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

“முடிக்காம விட்ட வேலைக்கெல்லாம் தங்கத் தொகுப்புன்னு பேர் வச்சிட்டாங்க. ஆட்டை நீக்குற வசதி அதுலதான் இருக்கு. அது இருபது ஏக்கருக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்,” என்றவர், “இது தகவல்தான், ஆலோசனை இல்லை,” என்று சேர்த்துக்கொண்டார்.

அடிப்படைத் தொகுப்பில் ஆட்டைக் குறைக்க மூன்று வழிகள் இருந்தன. விற்றுவிட்டதாகக் காட்டலாம், ஆனால் ஒரு பருவம் முடிந்த பிறகுதான். காணாமல் போனதாகக் காட்டலாம், அதற்குக் காவல் நிலையத்தில் ஒவ்வோர் ஆட்டின் அங்க அடையாளமும் சொல்ல வேண்டும். செத்துப்போனதாகக் காட்டலாம், அதற்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். மூன்றும் இல்லையென்றால், ஆடுகளோடு சேர்த்து ஆலோசகர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை மிளகாய்க்குத் தண்ணீர் நிலுவை.

வெளியே வந்தபோது ஆட்டுக்கார அக்கா தன் திட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் கரையில் மேய்ப்பதற்கு இனி அவருக்கும் திட்டம் வேண்டும். அவருக்கும் பதினான்குதான் வந்திருந்தது.

“பதினாலு மேயலாமாம். மீதி எட்டு வேடிக்கை பாக்கணுமாம்,” என்றார்.

மறுநாள் ஆலோசகர் வந்தார். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, இருந்தாலும் விதிமுறையாம். நல்ல பெண். கையில் இருந்த பலகைக் கணினியைப் பார்த்துத்தான் பேசுவார். நாற்றைக் காட்டினேன். மிளகாய் மூன்றாவது வருகையில்தான் வருகிறது சார், இன்றைக்கு ஆடு என்றார். ஆடு இல்லை என்றேன். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, எருக்குவியலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“ஆடு இல்லாம புழுக்கை எப்படி சார் வரும்?”

விலைக்கு வாங்கியது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புழுக்கையை யாராவது விலைக்கு வாங்குவார்களா என்று கேட்டபடியே நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். வேளாண்மை படித்தவர். ‘ஆடுகள் இருப்பது உறுதி. மேய்ச்சலுக்குச் சென்றதால் பார்வைக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதினார். பார்வைக்குக் கிடைக்காததால் ஒப்புதல் தர முடியாது என்றும் எழுதினார். குளம்பு வெட்டும் முறையை முக்கால் மணி நேரம் விளக்கினார். போகும்போது எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார். ஐந்து தந்தேன். பாவம், வெயிலில் அந்த பூட்ஸோடு வந்திருந்தார்.

நாற்பதாவது நாள் கால்நடை மருத்துவரிடம் போனேன். என் மனைவி வரவில்லை. இல்லாத ஆட்டைக் கொன்ற பாவம் எனக்கு வேண்டாம், நீங்களே போய்க் கொன்றுவிட்டு வாருங்கள் என்றாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். பதினான்கு ஆடுகளும் ஒரே சமயத்தில் இறந்துவிட்டதாகச் சொன்னேன். எந்த நோய் என்றார். எதுவாக இருந்தால் வசதி என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்ததுக்கு சர்டிபிகேட் வேணும்னா, முதல்ல உயிரோட இருந்ததுக்கு சர்டிபிகேட் காட்டுங்க. உயிரோட இருந்ததுக்கு வேணும்னா, ஆட்டைக் கூட்டிட்டு வாங்க.”

“ஆடு இருந்தா நான் ஏங்க வரப்போறேன்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்,” என்றார்.

வீட்டுக்கு வந்தால் கைபேசியில் செய்தி. ‘மகிழ்ச்சி! தங்கள் பண்ணையில் மூன்று குட்டிகள் பிறந்துள்ளன.’ மாமனாருடைய ஆடுகள் எந்த மாதத்தில் ஈன்றனவோ அந்த மாதத்தில் எல்லோருடைய ஆடும் ஈனும் போலிருக்கிறது. இப்போது ஆடுகள் பதினேழு. தீவன நிலம் அரை ஏக்கருக்கு மேல் கொஞ்சம் கூடியிருந்தது, மிளகாய் நிலம் அதே அளவு குறைந்திருந்தது. மனைவி செய்தியைப் படித்துவிட்டு, பிரசவம் பார்த்தது யார் என்று மட்டும் கேட்டாள். பிறகு நாற்றங்காலுக்குப் போய் ஒரு நாற்றின் நுனியைத் தடவிப் பார்த்தாள். சின்னதாக ஒரு மொட்டு. எனக்குக் காட்டவில்லை. நானும் பார்த்ததைச் சொல்லவில்லை.

புகார் கொடுக்கலாம் என்று நாற்பத்தொன்றாம் நாள் நிலையத்துக்குப் போனேன். பயிற்சி முடித்தவர்களிடம்தான் புகார் வாங்குவார்களாம். நல்லவேளையாக அன்றைக்கே பயிற்சி இருந்தது. ஒரு பெரிய கூடம், நூறு நாற்காலி, தலைக்கு ஒரு தொப்பி. இயக்குநரே வந்திருந்தார். நிமிர்ந்த உடம்பு, மண் படாத செருப்பு. அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

“முப்பது வருஷம் நாம இலவசமா ஆலோசனை சொன்னோம். விவசாயி கேட்டான், போனான், விளைஞ்சுது. ஆனா விளைஞ்சது நம்மாலதான்னு நிரூபிக்க நம்மகிட்ட ஒரு காகிதம் உண்டா? கிடையாது. இன்னைக்கு விளைஞ்சாலும் விளையலைன்னாலும் நம்மகிட்ட பதினோரு பக்கம் இருக்கு. அதுதான் வளர்ச்சி. சில பேர் வந்து, என் நிலம் திட்டத்துல இருக்கிற மாதிரி இல்லைன்னு சொல்றாங்க. நான் அவங்களைக் கோவிச்சுக்கிறதில்லை. நிலத்துக்கு இன்னும் பயிற்சி போதலைன்னு நினைச்சுக்குவேன். மழை மாறும், மண்ணு மாறும், விவசாயி பயிரை மாத்துவான். எதுவுமே மாறாம ஒண்ணு வேணுமில்லையா? அதுதாங்க திட்டம்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது கஷ்டம். பயிற்சிச் சான்றிதழோடு புகார் பிரிவுக்குப் போனேன். அங்கே அதே மேலாளர் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புகாரை வாங்கிக்கொண்டு, பதில் வர இருபத்தொரு வேலை நாள் ஆகும் என்றார். நாற்று பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மிளகாய் நாற்று என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள், வேறு வழியில்லாமல் மச்சானிடம் போனோம். மதகு அவர் பொறுப்பில் இருக்கிறது. என் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். ஆனால் மதகுச் சாவி இடுப்பில் இருக்கும்போது அவருக்கு உறவு தெரியாது. ஒரு ராத்திரி திருட்டுத்தனமாக ஒரு சாண் தூக்கிவிடக் கூடாதா என்று தங்கையே கேட்டாள். தூக்கினால் மதகில் மாட்டியிருக்கும் கருவி நிலையத்துக்குச் சொல்லிவிடும், தன் வேலை போய்விடும் என்றார். சொல்லிவிட்டு என் திட்டத்தை வாங்கிப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் நின்றார்.

“ஏன் மாப்ள, தண்ணி உங்களுக்கு நாலு நாளா காத்துக்கிட்டு இருக்கே. நீங்க ஏன் வந்து கேக்கலை?”

கால்நடைக்கு முதலிடமாம். தீவனத்துக்குத் தண்ணீர், ஒப்புதல் தேவையில்லை, உடனடி என்று பச்சை மையில் அச்சாகியிருந்தது. வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு எழுதிய விதி. நிலுவையெல்லாம் மிளகாய்க்குத்தான். திட்டப்படி அரை ஏக்கருக்குச் சொச்சம் பாயும் தண்ணீரை இப்போதே திறக்கத் தயார் என்றார் மச்சான். மீதி நிலத்துக்குத் திறக்க மாட்டாராம்.

தீவனத்துக்குத் தண்ணீர் வந்து எனக்கு என்ன லாபம் என்று நான் திரும்பி நடந்தேன். மனைவி வரவில்லை. அங்கேயே நின்று அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள்.

“என்னங்க, தீவனப் பயிர் பேரு போடுற கட்டம் காலியா இருக்கு. அதை நம்மதானே நிரப்பணும்?”

“ஆமா.”

“மிளகாய்னு நிரப்புங்க.”

ஆடு மிளகாய் தின்னுமா என்று கேட்டேன்.

“எந்த ஆடு?” என்றாள்.

திட்டத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நாற்றங்கால் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தோம். தீவனப் பயிர் என்ற கட்டத்தில் மிளகாய் என்று போட்டேன். மறுக்கவில்லை. பச்சையாகவா உலர்த்தியா என்று கேட்டது. இரண்டும் என்று போட்டோம். இப்போது அரை ஏக்கருக்குச் சொச்சம் மிளகாய்க்குத் தண்ணீர் உண்டு. மீதிக்கு என்ன செய்வது? மனைவி விரல் விட்டு எண்ணினாள். பதினான்கு ஆட்டுக்கு அரை ஏக்கர் என்றால், ஒன்றரை ஏக்கருக்கு நாற்பத்திரண்டு ஆடு வேண்டும். கையில் பதினேழு இருக்கிறது. இன்னும் இருபத்தைந்து.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. ஓர் ஆடு சாவதற்கு ஆறு ஆவணங்கள் வேண்டும். பிறப்பதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ‘மகிழ்ச்சிச் செய்தி’ என்று அந்தப் பொத்தானுக்குப் பெயர். ஓர் ஆட்டுக்கு ஒரு தடவையில் அதிகபட்சம் மூன்று குட்டி. மூன்று நாளாகச் சாகடிக்க வழி தேடி அலைந்தவன், அன்றைக்கு வெயில் தாழ்வதற்குள் எட்டு ஆட்டுக்குத் தலா மூன்று குட்டி, ஓர் ஆட்டுக்கு மட்டும் ஒற்றைக் குட்டி என்று பிரசவம் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு முறையும் திரையில் பூ கொட்டியது. அந்த ஒற்றைக் குட்டிக்காரியை நினைத்து, அது கொஞ்சம் மெலிந்த ஆடு, பாவம் என்றாள் மனைவி. கையோடு ஆட்டுக்கார அக்காவையும் கூப்பிட்டு, அவருடைய கைபேசியில் தானாகப் பிறந்திருந்த மூன்றோடு இன்னும் ஐந்து குட்டி போட்டுக்கொடுத்தாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்டும் அன்றிலிருந்து சட்டப்படி மேய ஆரம்பித்தன.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் புதுத் திட்டம் வந்தது. ஆடு நாற்பத்திரண்டு. தீவனம் ஒன்றரை ஏக்கர். மிளகாய் சைபர். மச்சான் மதகை முழுசாகத் தூக்கினார். நாற்பத்தைந்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் கடைசிப் பாத்தியில் கடைசி நாற்றை நட்டோம். மொட்டு விட்டிருந்ததை எல்லாம் மனைவி கிள்ளிவிட்டிருந்தாள்.

விளைந்தது. அதிகம் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை, ஆனால் நன்றாகவே விளைந்தது. ஆலோசகர் மூன்றாவது முறை வந்தபோது செடிகளுக்கு நடுவே நடந்து, தீவனம் செழிப்பாக இருக்கிறது சார் என்றார். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. புழுக்கை இருந்தது. ஐந்து நட்சத்திரம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. பருவம் முடிந்ததும் நிலையம் எல்லாப் பண்ணைகளின் கணக்கையும் எடுத்தது. நிஜ ஆடோ, என்னைப் போல யாராவது சாகடிக்கப் பார்த்த காகித ஆடோ, எல்லோருடைய ஆட்டுக்கும் சளி, கழிச்சல், சாவு என்று ஏதாவது ஒன்று இருந்தது. ஒரே ஒரு பண்ணையில் நாற்பத்திரண்டு ஆடுகள் இருந்தும் ஒரு தும்மல்கூட இல்லை. இயக்குநர் காரணத்தைத் தேடினார். தீவனம் என்ற கட்டத்தில் கண்டுபிடித்தார்.

விருதுக்கு அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. அதே கூடம், அதே நாற்காலிகள். இயக்குநர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, ‘மிளகாய்த் தீவன முறை’ என்று ஒரு புதுச் சேவையை அறிவித்தார். வெள்ளித் தொகுப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார். நான் பொய் சொல்லிப் பழகாதவன். விரலால் பொத்தான் அமுக்கியதோடு சரி. நூறு பேர் முன்னால் வாயைத் திறந்தபோது உண்மை வந்துவிட்டது.

“எனக்கு ஆடே கிடையாதுங்க,” என்றேன்.

முன்வரிசையில் மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

“கேட்டீங்களா? ஆடுன்னு சொல்ல அவருக்கு மனசு வரலை. அவருக்கு அதுங்க பிள்ளைங்க.”

இவ்வளவு பலமான கைதட்டலை நான் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து ஆட்டுக்கார அக்கா வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து படியில் உட்கார்ந்தார். கையில் பதினொரு பக்கம். மேய்ச்சல் அனுமதி வேண்டுமானால் இனிமேல் மந்தையில் பாதிக்காவது மிளகாய் தின்னும் பழக்கம் இருக்க வேண்டும். ஆட்டுக்கு நாளைக்கு அரைக்கிலோ. ஒரு வாரம் கெடு. கொடுத்துப் பார்த்தாராம். முன்னால் போகிற கிடா ஒரு காயைக் கடித்துவிட்டு இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். உங்கள் ஆடுகளுக்குப் பயிற்சி போதவில்லை, முன்னோடி விவசாயியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஆடு இல்லை என்பது இந்த உலகத்தில் மனைவியையும் மச்சானையும் தவிர அக்காவுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

“உன்னோட இல்லாத ஆடு திங்குதாம். அதனால, திங்காத என்னோட ஆடு சரியில்லையாம்,” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாளைக்கே போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஆனால் வீட்டுக்குப் பின்னால் அடுத்த பருவத்து நாற்று இருபது நாளில் நின்றுகொண்டிருந்தது. ஆடு போனால் தீவனம் போகும், தீவனம் போனால் தண்ணீர் போகும்.

“எழுதிக் கொடுத்தா படிக்கவா போறாங்க?” என்றாள் மனைவி. “பருவம் முடிஞ்சுது. இப்ப விக்கலாமில்ல?”

அக்காவிடம் இருபத்திரண்டு, நம்முடையது போய்ச் சேர்ந்தால் பெரிய மந்தை, அதில் பாதிக்கு மேல் நிலையமே விருது கொடுத்த மிளகாய் தின்னிகள் என்று விளக்கினாள். அக்கா புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அத்தனையையும் கட்டுவதற்கு என்னிடம் கயிறு இல்லையே என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். நான் விற்பனைச் சீட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன். மனைவி வாங்கிப் பார்த்து, அதை அடித்து நாற்பத்தொன்று என்று திருத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, கையெழுத்தைப் போடுங்கள் என்றாள்.

ஆடு கைமாறும்போது ஆலோசகர் நேரில் இருக்க வேண்டும். வந்தார், பூட்ஸோடு. நானும் மனைவியும் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் நின்றோம். நடுவில் காலி முற்றம். எருக்குவியலைப் படம் எடுத்தார், சீட்டைப் பார்த்தார், பலகைக் கணினியைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“நாப்பத்தி ரெண்டுல ஒண்ணு குறையுதே சார்?”

மனைவி கூரைக்குக் கீழே நிழல் விழுந்திருந்த மூலையைக் கையால் காட்டினாள்.

“அது சினை. அதை மட்டும் விக்கிறதா இல்லை.”

‘மகிழ்ச்சிச் செய்தி’ப் பொத்தான் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆலோசகர் குனிந்து அந்த நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், வெயிலில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். போகும்போது வாசல் படலை இழுத்துச் சாத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டுப் போனார்.